நட்டதாகச் சொன்ன சிலுவை

கத்தரீனா வேலை முடித்துப் புறப்படும்போதெல்லாம் வீட்டுக்காரி சின்யோரா ரோசாலியா குசினிக்குள் போய் வெள்ளிக் கரண்டிகளை எண்ணிப் பார்ப்பாள். மூன்று வருடமாய் ஒரு கரண்டியும் குறையவில்லை, எண்ணுவதும் குறையவில்லை. பலேர்மோவில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு இது புதினமில்லை என்று கத்தரீனா விட்டுவிட்டாள். ஆனால் 1994 புரட்டாதியில் சந்தேகம் ஆள் மாறியது. இந்த முறை கத்தரீனாதான் சின்யோராவை நம்பவில்லை.

காரணம் ஒரு சிலுவை. சின்யோராவின் பங்குக் கோவிலிலிருந்து லித்துவேனியாவுக்கு யாத்திரை போனார்கள். சியாவுலியாய் என்றொரு பட்டினம், அதற்குப் பக்கத்தில் சனங்கள் ஆயிரமாயிரமாய்ச் சிலுவை நட்டு வைத்த ஒரு குன்று. கத்தரீனாவுக்கும் போக ஆசைதான். ஆனால் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி அவளிடம் இல்லை; அது இல்லாமல் இத்தாலியை விட்டுப் போனால் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால் விரல் நீளத்தில் ஒரு பனஞ்சிலுவையைச் சின்யோராவிடம் கொடுத்தாள். அது அவளுடைய தம்பி அல்பேட் செதுக்கியது. சிலுவையின் இடது கை கொஞ்சம் கட்டை. அவன் 1990இல் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினவன். அதற்குப் பிறகு வள்ளமும் இல்லை, அவனும் இல்லை, ஒரு கடிதமும் இல்லை.

"என்ரை தம்பி உயிரோடைதான் இருக்கிறான், சின்யோரா. அவன் வந்து சேரவேணும் எண்டு நேர்ந்து நட்டுவிடுங்கோ," என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கெஞ்சினாள்.

ஒரு கிழமையில் சின்யோரா திரும்பி வந்தாள். விடுதியில் ரோசா நிறத்தில் குளிர்ந்த பீட்றூட் சூப் கொடுத்ததையும், பஸ்ஸில் அரை மணி நேரம் போனதையும், காற்றடிக்கையில் குன்று முழுதும் செபமாலைகள் கிலுகிலுத்ததையும் வாய் ஓயாமல் சொன்னாள். சிலுவையைக் கேட்டபோது மட்டும் கதை சுருங்கிப்போனது. ஒரு படத்தை நீட்டி, "இதோ, இதுதான்," என்றாள். கத்தரீனா உற்றுப் பார்த்தாள். சின்யோராவின் நகம் தொட்ட சிலுவைக்கு இரண்டு கையும் சரிசமம்.

வீட்டுக்கு வந்து புருசன் ஜோக்கிமிடம் கொட்டித் தீர்த்தாள். "மனுசி பொய் சொல்லுது. என்ரை நேர்த்தியை எங்கையோ குப்பையிலை போட்டிட்டு வந்திருக்கு."

"சும்மா இரும். படத்திலை வடிவாய்த் தெரியாது."

"அவ கரண்டியை எண்ணலாம், நான் சிலுவையின்ரை கையை அளக்கக்கூடாதோ?"

நேர்த்தி தீராவிட்டால் தம்பி வரமாட்டான் என்று அவளுக்குப் பயம். அதை ஜோக்கிமிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த நாளிலிருந்து தூசி தட்டுகிற சாட்டில் சின்யோராவின் வீட்டைச் சோதித்தாள். பயணப் பை, குளிர்க்கோட்டுப் பொக்கற், தையல் பெட்டி எதுவும் தப்பவில்லை. மூன்றாம் நாள் கட்டிலோரத்து மேசை லாச்சியை இழுத்தாள். செத்துப்போன கணவரின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், கைலேஞ்சித் துணியில் சுற்றியபடி கிடந்தது அந்தக் கட்டைக் கைச் சிலுவை. கத்தரீனா அதைக் கையில் எடுத்தாள்.

நிமிர்ந்தால் வாசலில் சின்யோரா நிற்கிறாள். "என் லாச்சியைத் திறந்தாயா?"

"திறந்தனான். நீங்கள் ஏன் பொய் சொன்னீங்கள்?"

சின்யோரா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நடத்தான் கொண்டுபோனேன். மண்ணைக்கூடத் தோண்டிவிட்டேன். அப்போதுதான் வழிகாட்டிப் பெண் சொன்னாள், சண்டைக்குப் போய் உடலும் திரும்பாத பிள்ளைகளுக்குத்தான் முதலில் அங்கே சிலுவை நட்டார்களாம், கல்லறைக்குப் பதிலாக. நீ அவன் உயிரோடு இருக்கிறான் என்றாய். அவனை எப்படி அங்கே விட்டுவிட்டு வருவேன்? உன்னிடம் அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை."

நாலு வருடமாய் கத்தரீனா சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், அல்பேட் உயிரோடு இருக்கிறான் என்று. எல்லாரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஜோக்கிமும்தான். ஒரு கரண்டிக்குக்கூட அவளை நம்பாத இந்த மனுசி இதை மட்டும் நம்பியிருக்கிறாள். கத்தரீனாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

சிலுவையைப் பழையபடி கைலேஞ்சியில் சுற்றி லாச்சிக்குள் வைத்து மூடினாள்.

"இஞ்சையே இருக்கட்டும், சின்யோரா. அவன் வந்தாப்பிறகு உங்கடை கையாலை குடுங்கோ."