மூன்றாம் படியில் அணைந்த விளக்கு

தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊருக்காக நடந்த மீன் விருந்தில் மகன் மேடை ஏறியபோது, விர்ஜில் ஸ்டிதம் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாது. கென்டக்கி மலையின் அந்தப் பக்கத்தில் ஸ்டிதம் என்ற பெயருக்கு ஒரு மதிப்பு இருந்தது. நாற்பது வருடம், ஷிப்டு தொடங்குமுன், கெட்ட காற்றில் அணைந்துவிடும் சுடர் விளக்கோடு தனியாகச் சுரங்கத்தில் இறங்கிக் காற்றைச் சோதித்தவர் அவர். அவர் "இறங்கலாம்" என்ற பிறகே மற்றவர்கள் இறங்கினார்கள்.

மகன் ஹோபர்ட் மாநில செனட்டர். மைக்கைப் பிடித்துச் சிரித்தான்.

"மூடுன சுரங்கத்துலேருந்து வீட்டுக்குள்ள கரியமில வாயு வருதாம். வீட்டுக்கு வீடு வாயுவக் காட்டுற கருவி மாட்டணும்னு சட்டம் போடப் போறாங்களாம். ஏங்க, நாம வெளிய விடுற மூச்சே அந்த வாயுதானே? சோடாவுல நுரைக்கிறது அது. செடிக்குச் சோறே அதுதான். விட்டா, மூச்சு விடவும் லைசென்ஸ் கேப்பாங்க."

கூடம் குலுங்கிச் சிரித்தது. விர்ஜில் கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தார். அவருடைய தம்பி பத்தொன்பது வயதில், வேட்டை நாயைத் தேடிப் பழைய சுரங்கத்துக்குள் போய், அந்த வாயுவில்தான் செத்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவன் பெயரைத்தான் மகனுக்கு வைத்திருந்தார்.

வாசலில் ஓப்பல் சைஸ்மோர் வழிமறித்தாள். மூடிய சுரங்கத்துக்கு நேர் கீழே வீடு அவளுக்கு.

"கருவி விக்கிறவங்கள வரவேணாம்னு சொல்லிட்டேன் விர்ஜில். சோடாக் காத்துக்கா பயப்படுறது?"

"பேத்திங்க எங்க படுக்குதுங்க?"

"நிலவறையிலதான். வெக்கைக்கு ஜில்லுனு இருக்கு."

மழைக்கு முன்னால், காற்றழுத்தம் இறங்கும்போதுதான் பழைய சுரங்கம் கெட்ட காற்றைக் கக்கும். இரண்டு நாள் கழித்து வானம் கறுத்ததும் விர்ஜில் மகனை ஓப்பலின் வீட்டுக்கு வரச் சொன்னார். பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். நிலவறைக் கதவைத் திறந்து, தன் சுடர் விளக்கைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினார். முதல் படியில் சுடர் நின்று எரிந்தது. இரண்டாவதில் சுருங்கியது. மூன்றாவதில் அணைந்தது.

"காத்து அடிச்சிருக்கும்பா," என்றான் ஹோபர்ட்.

"அடைச்ச அறையில எங்கேருந்துடா காத்து அடிக்கும்? ஏத்தி, நீயே இறக்கு."

அவன் இறக்கினான். மறுபடியும் மூன்றாம் படி. ஓப்பல் போய், வீட்டின் சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பிறகு, கருவிக்காரர்களை வரச் சொல்லிப் போன் செய்தாள்.

காருக்கு நடக்கும்போது மகன் குரலைத் தாழ்த்தினான்.

"தெரியாமப் பேசிட்டேன்பா. ஆனா ஊரே கைதட்டிடுச்சு. இப்ப மாத்திச் சொன்னா நம்ம பேரு என்னாகுறது? ஓப்பல் வீட்டுக்கு நானே கருவி வாங்கித் தரேன்."

"இந்தச் சரிவுல இன்னும் முப்பது வீடு இருக்கு."

"செவ்வாய்க்கிழமை சட்டசபைக் குழு விசாரணையில சட்டம் எப்படியும் தோத்துரும். நீங்க வெளிய சொல்லாதீங்க. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

அவர் சொல்லிக் கொடுத்ததுதான். சாப்பாட்டு மேசையில், மகனுக்குப் பேச்சு வந்த நாள் முதல். மூன்று ராத்திரி அவர் தூங்கவில்லை.

செவ்வாயன்று கோட்டு அணிந்து, விளக்கைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போனார். விசாரணை மண்டபத்தில் உறுப்பினர்கள் வரிசையில் ஹோபர்ட் இருந்தான். அப்பாவைப் பார்த்ததும், தனக்கு ஆதரவாக வந்திருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாக ஏதோ சொன்னான். பிறகு கையிலிருந்த விளக்கைப் பார்த்தான். முகம் மாறியது.

"பேர் சொல்லுங்க," என்றார் எழுத்தர்.

"விர்ஜில் ஸ்டிதம். அங்க உக்காந்திருக்கிற செனட்டரோட அப்பன்."

"சட்டத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?"

விளக்கை மேசைமேல் வைத்தார். மகன் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆதரவா," என்றார்.