குழாய்த் தண்ணீரில் வந்த வெள்ளை

வெளியே கிறிஸ்டி அழ ஆரம்பித்தபோது என் கையில் டெஸ்ட் டியூப் இருந்தது. நாலு மாதக் குழந்தை. என் வீட்டுக்காரர் டோமினிக் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வராண்டாவில் நடந்துகொண்டிருந்தார். நடந்தால் நிற்குமா? அது பசி அழுகை. எனக்கு மாரில் பால் கட்டிக்கொண்டு வலித்தது.

பி.எஸ்சி.யில் எனக்குப் பாக்கி இந்தக் கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல் ஒன்றுதான். இதுவும் போனால் டிகிரி இல்லை, பி.எட். இல்லை. வரதராஜன்பேட்டையில் முந்திரிக்கொட்டை உடைத்தே காலம் தள்ள வேண்டியதுதான்.

ஒரு வெள்ளை உப்பைக் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு திரவமாக ஊற்றி, எதில் வீழ்படிவு வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். ஈயம் இல்லை. செம்பு இல்லை. இரும்பும் இல்லை. அழுகை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அமோனியம் கார்பனேட்டை ஊற்றினேன். வெள்ளை வந்தது. கால்சியம்!

"அதான் வெள்ள வந்துருச்சே, எழுதிட்டுப் போங்கக்கா. பாப்பா அழுவுதுல்ல" என்றான் பக்கத்து மேஜை அருள்முருகன்.

பேனாவைத் திறந்தேன். ஆனால் அந்த வெள்ளை எனக்குப் பிடிக்கவில்லை. கால்சியம் என்றால் கெட்டியாக விழும். இது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீர் காலையிலேயே தீர்ந்துபோய், எல்லோரும் குழாயில்தான் பிடித்திருந்தோம். அரியலூர்க் குழாய்! வெந்நீர் வைத்தால் பானை அடியில் சுண்ணாம்பு படிகிற ஊர்.

உப்பே போடாமல், வெறும் குழாய்த் தண்ணீரில் கார்பனேட்டை ஊற்றினேன். அதே வெள்ளை. பாழாய்ப்போன தண்ணீர்!

அப்படியென்றால் உப்பில் கால்சியம் இல்லை. முதலில் பார்த்திருக்க வேண்டியது அமோனியம். அழுகை கேட்ட அவசரத்தில் அதைத் தாண்டி வந்திருந்தேன்.

அப்போது அழுகை சட்டென்று நின்றது.

ஜன்னல் வரை போய்ப் பார்க்கலாம். போனால் திரும்பி வரமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். கொஞ்சம் உப்பைப் புதிதாகக் கரைத்து அமோனியத்தைக் காட்டிக்கொடுக்கும் நெஸ்லர் கரைசலை விட்டேன். செங்கல் தூள் மாதிரி பழுப்பு விழுந்தது. அமோனியம்தான்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் என் தாளைப் பார்த்தார். "பாதிப் பேர் கால்சியம்னு எழுதி வச்சிருக்காங்க" என்று சலித்துக்கொண்டே சரி போட்டார். நான் ஓடினேன்.

வேப்பமரத்தடியில், அங்கே கட்டட வேலைக்கு வந்த ஒருத்தி தன் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு கிறிஸ்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். டோமினிக் தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பச்சப்புள்ள கத்துறதக் கேட்டுக்கிட்டு எப்புடிம்மா கல்லு தூக்குறது? நாந்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றாள் அவள். "பரீட்ச நல்லா எழுதினியா?"

"எழுதிட்டேங்க."

அவள் காலில் விழலாம் போல இருந்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. என் புடவை முன்பக்கம் நனைந்துகொண்டிருந்தது. கையை நீட்டினேன்.

கிறிஸ்டி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டு அவளிடமே குடித்தாள்.