வெள்ளைத் தட்டில் ஒரு டீ வட்டம்

டீ கிளாஸை வைக்க மேசையில் இடமில்லை. உள்ளங்கை அகலத்தில் வெள்ளைத் தட்டு ஒன்று மட்டும் காலியாக இருந்தது. இலைகளை ஒளியால் சோதிக்கும் ஒளிக்காரர் அதன்மேல் வைத்தார். அந்தத் தட்டை யாரும் விரலால்கூடத் தொடக்கூடாது என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் பாடம் எடுப்பவரும் அவர்தான்.

இலைமேல் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதை அளந்தால், செடிக்குள் ஈயம் ஏறியிருக்கிறதா என்று ஓரளவு ஊகிக்கலாம். முதலில் கருவிக்கு அந்தத் தட்டைக் காட்டி, 'வெள்ளை என்றால் இதுதான்' என்று சொல்லித்தர வேண்டும். அன்று கருவி படித்தது டீக்கறை படிந்த வெள்ளை.

அளந்ததோ அவருடைய அக்கா வீட்டுக் கீரை. சுவருக்கு அந்தப் பக்கம் பழைய பேட்டரிக் கடை; அதன் ஈயம் மண்ணில் இறங்கியிருக்குமோ என்ற பயத்தில், நாற்பது நாள் வளர்த்தும் அக்கா ஒரு இலைகூடச் சமைக்கவில்லை. திரையில் கோடு எகிறியதும் இவர் போனில், "ஈயம்க்கா, பிடுங்கிடு" என்றார். அக்கா மதியத்துக்குள் பாத்தியைக் காலி செய்தாள்.

மறுநாள்தான் தட்டில் டீ வட்டம் கண்ணில் பட்டது. தண்ணீரில் நைஸ் உப்புத்தாளால் தட்டைத் தேய்த்து, மிச்ச இலைகளை மறுபடி அளந்தார். கோடு சாதுவாகப் படுத்துக்கொண்டது. அதையும் நம்பாமல், இலையையும் வேரோடு ஒட்டி வந்திருந்த பாத்தி மண்ணையும் ரசாயனப் பிரிவில் கொடுத்தார். ஈயம் இல்லை என்று எழுத்தில் வந்தது. போனில் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"எனக்கென்னடா கோபம்," என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விதைப் பொட்டலத்தோடு போனார். அத்தான் கதவைத் திறந்தார்.

"வாங்க மச்சான். டீ தரலாம்தான். கிளாஸை எங்க வைப்பீங்களோன்னு பயமா இருக்கு."

அக்கா கொல்லைக் குழாயடியில் நின்றிருந்தாள்.

"கோபமாக்கா?"

"வெயில் ஜாஸ்தி இல்ல?"

"இனிமே தைரியமா சாப்பிடலாம்க்கா."

"எதை, பிடுங்கிப் போட்டதையா?"

இவர் மண்வெட்டியை எடுத்துக் கோணல்மாணலாகக் கொத்த ஆரம்பித்தார். இலைக்கு ஒளி காட்டினால் ஏதாவது திரும்பி வரும். அக்கா முகத்திலிருந்து அதுவும் வரவில்லை. பாதிப் பாத்தியில் மூச்சு வாங்கியது.

"நிஜத்தைச் சொல்லுக்கா. கோபம்தானே?"

அக்கா குழாயை மூடினாள்.

"ஆமாடா, கோபம்தான். கீரை போனதுக்கில்ல. நீ சொன்னேன்னு ஒரு வார்த்தை கேக்காம பிடுங்கினேன் பாரு, அதுக்கு. நாளைக்கு நீ சொன்னாலும் பிடுங்கத்தான் போறேன். அதுக்கும் சேர்த்துத்தான்."