எந்நேரமும் அழைக்கலாம்

விடியற்காலை நாலரை மணிக்கு ஷட்டரை முழுவதும் தூக்கினால் தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால் பாதி வரைக்கும் தூக்கி, குனிந்து உள்ளே நுழைவதுதான் இண்டர்வியூ அக்காவின் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் நுழைந்தாள். அவள் பின்னால் ஐந்து பேர் குனிந்து வந்தார்கள். எல்லாருக்கும் இருபது வயது இருக்கும், ஒன்றிரண்டு முன்னே பின்னே. எல்லார் முகத்திலும் தூக்கமும் பவுடரும்.

இங்கே விடியும்போது அங்கே சாயங்காலம். கடல் தாண்டிய நாட்டில், ஏரிக்கரையில், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்து தங்கும் முகாம். அந்தப் பிள்ளைகளுக்கு நீச்சலும் ஓவியமும் சொல்லிக்கொடுக்க, விளையாட்டுக் காட்ட, அழுதால் தேற்ற, ஆள் வேண்டும். முகாமை நடத்தும் தொப்பிக்காரர் இந்த நேரத்தில்தான் திரையில் வருவார். அவர் முதுகுக்குப் பின்னால் மரவீடு ஒன்று எப்போதும் வெயிலில் நிற்கும். மைக்கில் இரைச்சல் விழும் என்று மின்விசிறி போடக் கூடாது. குப்பை வண்டிச் சத்தம் வரும் என்று சன்னல் திறக்கக் கூடாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் மூச்சு விட்டால் சுவரே வியர்க்கும்.

"திரையைப் பாக்காதே, கேமராவைப் பாரு. பல்லால சிரிக்காதே, கண்ணால சிரி. புள்ளை அம்மாவைத் தேடி அழுதா என்ன பண்ணுவே?"

"சமாதானம் பண்ணுவேங்கா."

"அது எல்லாரும் சொல்றது. போன வருஷம் ஒருத்தி சொன்னா, 'பக்கத்துல உக்காந்து, நானும் எங்கம்மாவைத் தேடறேன், வா சேர்ந்து தேடலாம்'னு. தொப்பிக்காரரே எழுந்து நின்னு கை தட்டினாரு. அப்படி மனசுலேருந்து வரணும்."

ஹெட்போனுக்குள் வியர்வை ஊறி அவள் காது மடல் வெந்து போயிருந்தது. நாலரையிலிருந்து ஏழரை வரை பேசிப் பேசித் தொண்டை காய்ந்த ஓலையாகிவிடும். ஆனாலும் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வாய் திறக்கவே பயந்து வருகிற பிள்ளை ஒரு மாதத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வதைப் பார்க்கிற சந்தோஷம் வேறு எந்த வேலையில் கிடைக்கும்?

அந்த அலுவலகத்தில் மொத்தமே மூன்று பேர். நேர்காணலுக்கு இவள். விண்ணப்பம், பாஸ்போர்ட், ஒப்பந்தத் தாள்களுக்கு ஒரு பைல்காரர், தலை நரைத்தவர், தும்மினாலும் மன்னிப்புக் கேட்பவர். விளம்பரத்துக்கும் கணினிக்கும் ஒரு படக்காரன். முதலாளியை அவர்கள் முதலாளி என்று கூப்பிடக் கூடாது. "இங்க முதலாளியும் இல்ல, தொழிலாளியும் இல்ல. நான் உங்க அண்ணன். நாம ஒரே குடும்பம்" என்பார். குடும்பத்துக்கு மூன்று வருடமாகச் சம்பளம் ஏறவில்லை. அண்ணனுக்கு மட்டும் கார் மாறியிருந்தது.

புறப்படும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் அக்காவின் சிரித்த முகம், கீழே 'எந்நேரமும் அழைக்கலாம்', அதற்கும் கீழே ஓர் எண். "உன் சொந்த நம்பரைப் போட்டா உன்னைத் தூங்க விடுவாங்களாம்மா? ஆபீஸ் நம்பர் போட்டிருக்கேன். அவசரம்னா உனக்குத் தட்டி விடறேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். மூன்று வருடத்தில் ஓர் அழைப்பு வந்ததில்லை. கஷ்டம் என்று ஒரு பிள்ளையும் கூப்பிடவில்லை பார், அவ்வளவு நல்ல இடம் என்று அவள் ஊரெல்லாம் பெருமை பேசினாள். தன் அக்கா மகளுக்கே அந்த அட்டையைக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை விமானம் ஏறப்போகும் இருபத்திரண்டு பேரில் அவளும் ஒருத்தி. தையல் மெஷினில் கால் தேய்ந்த அக்கா, "நீ சொன்னா சரிதான்டி" என்ற ஒரே வார்த்தையில் ஒற்றை மகளைக் கொடுத்திருந்தாள்.

நேர்காணல் முடிந்து ஐந்து பேரும் போன பிறகு, பாதி ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன.

"யாரு? உள்ள வாங்க."

குனிந்து வந்தவளை அடையாளம் தெரிய நேரம் பிடித்தது. போன வருடம் அனுப்பிய நீச்சல்காரி. சேர்ந்து தேடலாம் என்று சொன்னவள் இவள்தான். தோள் அகலமாகப் போனவள் இப்போது பாதியாகி இருந்தாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

"அடியே! எப்ப வந்தே? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

நீச்சல்காரி சிரித்தாள். கேட்கவே நாராசமாக இருந்தது.

"போனா? நாப்பது தடவை பண்ணினேங்கா. வராந்தாவுல ஒரு பொது போன். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வரிசையில நின்னு நின்னு, உங்க அட்டையைப் பாத்துப் பாத்துப் பண்ணினேன். மணி அடிக்கும். யாரும் எடுக்க மாட்டாங்க. ஊருல ராத்திரியாச்சே, அக்கா தூங்குவாங்க, நாளைக்குப் பண்ணலாம்னு நெனைச்சுப்பேன். அப்புறம்தான் புரிஞ்சது, நீங்க தூங்கல, எங்களைத் தலைமுழுகிட்டீங்கன்னு."

"என்னடி சொல்றே? முகாம்ல..."

"முகாமா? ஏரியும் இல்ல, புள்ளைங்களும் இல்ல. லாண்டரிக்கா. ஓட்டல் படுக்கை விரிப்பெல்லாம் லாரி லாரியா வரும். துவைக்கணும், சூடான உருளைக்குள்ள விட்டுத் தேய்க்கணும். தினம் பதினாலு மணி நேரம். ஸ்கிரீன்ல வருவாரே உங்க தொப்பிக்காரர், அவர்தான் மேஸ்திரி. அந்த மரவீடு சுவத்துல ஒட்டின படம்."

அவள் துப்பட்டாவை விலக்கினாள். வலது கையில் நான்கு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பளபளவென்று கிடந்தன.

"விரிப்பு சுருண்டுச்சு. இழுத்தேன். உருளை என்னையும் சேர்த்து இழுத்துக்கிச்சு. வேலைக்கு ஆகாத கைன்னு டிக்கெட் போட்டு அனுப்பிட்டாங்க. எனக்கு முன்னாடி போனவங்க, என்னோட போனவங்கன்னு பதினேழு பேரு இன்னும் அங்கதான் இருக்காங்க. பாஸ்போர்ட்டு அவன் அலமாரியில. வீட்டுக்குப் பேசும்போது மேஸ்திரி பக்கத்துல நிப்பான், உங்க நம்பருக்குன்னா மட்டும் கண்டுக்க மாட்டான். நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சிடணும்."

அக்காவுக்குக் காது அடைத்தது. பதினேழு பேரையும் முகாமுக்குப் பிடித்துப்போய்விட்டது, கோடை முடிந்தும் நிறுத்திக்கொண்டார்கள் என்று அண்ணன் இனிப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். அவளும் தின்றிருந்தாள். அவள் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். தன் முகத்துக்குக் கீழே இருந்த அந்த எண்ணைத் தன் கைபேசியில் அழுத்தினாள். மூன்று வருடத்தில் அதை அவள் அழுத்துவது அதுதான் முதல் தடவை.

அண்ணனின் அறையில், பூட்டிய மேசை இழுப்பறைக்குள், ஏதோ அடைபட்டு முனகுவது போல மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் வேலைக்கு வந்த பைல்காரரும் படக்காரனும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நீச்சல்காரி அந்தக் கதவைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப உங்களுக்குக் கேக்கவே இல்லையாக்கா?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அக்கா அழுதாள்.

விஷயத்தைக் கேட்டதும் படக்காரன் சுவரைப் பார்த்தான். ஏரிக்கரையில் முகாம் பனியன் போட்டுச் சிரிக்கும் முகங்கள் சுவரெங்கும் இருந்தன. "அந்த ஏரியை நான்தான் கணினியில ஒட்டினேன். புறப்படறதுக்கு முன்னாடி பின்னறையில நீலத் துணி கட்டி எடுப்பேன். நோட்டீசுக்கு மாதிரிப் படம்னாரு. அதையே அங்கேருந்து வந்ததுன்னு மாட்டினப்ப, சொன்னா வேலை போயிடுமோன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"ஒப்பந்தத்துல ரெண்டாவது தாள் அந்த ஊரு பாஷையில இருக்கும்" என்றார் பைல்காரர். "என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை கேட்டேன். முகாம் விதிமுறைன்னாரு. கேட்டதோட என் கடமை தீந்துச்சுன்னு விட்டுட்டேன்."

ஆளுக்கு ஒரு முழம் கயிறு திரித்திருந்தார்கள். சுருக்குப் போட்டது மட்டும்தான் அண்ணன்.

ஒன்பதரைக்கு அவர் வந்தார். நீச்சல்காரியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை.

"அடடா, என்னம்மா இது! கவனமா இருக்க வேண்டாமா? உள்ள வந்து உக்காரு, பேசிக்கலாம்."

"இழுப்பறையைத் திறங்க" என்றாள் அக்கா.

"என்னம்மா குரல் ஒசருது?"

"அவ நாப்பது தடவை கூப்பிட்டிருக்கா. பூட்டி வெச்சு வேடிக்கை பாத்திருக்கீங்க."

"எடுத்திருந்தா மட்டும் நீ இங்கேருந்து என்ன கிழிச்சிருப்பே? உக்காரு. லாண்டரியும் வேலைதான். இங்க சும்மா தெருவை அளக்கிறதுக்கு அது மேல்."

"அப்ப லாண்டரின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகணும். முகாம்னு சொல்ல என் வாய் எதுக்கு?"

"நல்ல கேள்வி. சொன்னது யாரு? உன் வாய். அட்டையில யாரு மூஞ்சி? உன் மூஞ்சி. தாளுல கையெழுத்து பைல்காரரோடது. படம் இவனோடது. என் பேரு எங்கயாவது இருக்கா, காட்டு." அவர் குரலைத் தணித்தார். "பாரும்மா, நான் உன்னைக் கைவிடுவேனா? உங்க அக்கா பொண்ணு பேரை இன்னிக்கே லிஸ்டுலேருந்து எடுத்துடறேன். உண்மையாவே ஒரு முகாம் இருக்கு, பெரிய இடம். அங்க மாத்தி விடறேன். மிச்ச இருபத்தோரு பேரைப் பத்தி உனக்கென்ன? அவங்க உனக்கு மாமனா மச்சானா?"

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் அவள் கண்முன் அக்கா மகளின் பத்து விரல்களும்தான் நின்றன. தலையை ஆட்டிவிட்டால் அந்த விரல்கள் பிழைக்கும். தன் மனம் அப்படிக் கணக்குப் போட்டதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அண்ணன் அவள் தோளில் தட்டினார்.

"பதினோரு மணிக்குக் கூட்டம். எப்பவும் போல சிரிச்ச மொகமா நாலு வார்த்தை பேசு."

மாடிக் கூடத்தில் இருபத்திரண்டு பேரும் பெற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். எடை பார்க்கக் கொண்டுவந்த புதுப் பெட்டிகளின் ரப்பர் வாசனை. சிலர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் அவளுடைய அக்காவும் அக்கா மகளும். அண்ணன் குடும்பம், பாசம், எதிர்காலம் என்று அரை மணி நேரம் பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "இனி உங்க இண்டர்வியூ அக்கா பேசுவாங்க" என்று முடித்தார்.

அவள் எழுந்தாள். சிரிக்கவில்லை.

"நான் உங்ககிட்ட சொன்னது எல்லாம் பொய். பொய்னு எனக்குக் காலையிலதான் தெரியும். ஆனா நம்பி உங்க தலையில கட்டினது நான்தான். முகாமே கிடையாது. போனவங்க கை எப்படித் திரும்பி வந்திருக்குன்னு பாருங்க."

பைல்காரர் நீச்சல்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கையைத் தூக்கினாள். வேறு பேச்சே தேவைப்படவில்லை.

"மைக்கைப் புடுங்குடா!" என்று அண்ணன் படக்காரனைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்களே வந்து புடுங்குங்க முதலாளி" என்றான் படக்காரன்.

கூடம் கொதித்தது. கொதிப்பு முதலில் பாய்ந்தது அண்ணன் மேல் அல்ல, அவள் மேல். உன்னை நம்பித்தானே வந்தோம் என்று ஓர் அப்பா அவள் அட்டையைக் கிழித்து அவள் மேலேயே எறிந்தார். ஒருத்தி காறித் துப்பினாள். அவள் துடைத்துக்கொள்ளாமல் நின்றாள். வலித்தது. ஆனால் எல்லாவற்றையும் விட, அவளுடைய அக்கா தன் மகளின் கையைப் பிடித்து எழுந்து போனதுதான் வலித்தது. அந்தக் களேபரத்தில் அண்ணன் பின்வழியாகக் காருக்குப் போய்விட்டார்.

பைல்காரர் பீரோவைத் திறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் அவரவர் கையில் கொடுத்தார். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். பிழைத்தோம் என்று இரண்டு பேர் கிளம்பவும் கிளம்பினார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நீச்சல்காரி அவர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க தப்பிச்சீங்க. நல்லா இருங்க. அங்க இருக்கற பதினேழு பேருக்கு யாரு பீரோ திறப்பாங்க?"

கிளம்பிய இரண்டு பேரும் பெட்டியைக் கீழே வைத்தார்கள்.

தொழிலாளர் அலுவலகத்துக்கு அவர்கள் நடந்தே போனார்கள். மதிய வெயிலில் இருபத்தோரு பெட்டிகளின் சக்கரங்கள் தார்ச்சாலையில் கடகடத்தன. அலுவலக எழுத்தர் மனுத்தாள் ஒன்றைத் தள்ளினார். 'புகாருக்கு உள்ளாகும் நபர்கள்' என்ற இடத்தில் இண்டர்வியூ அக்கா முதலாளியின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, பேனாவை எடுக்காமல், தன் பெயரை எழுதினாள். பைல்காரர் பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினார். படக்காரனும் எழுதினான். பிறகு மூவரும் புகார் கொடுப்பவர்கள் பகுதியிலும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்குக் கீழே நீச்சல்காரி இடது கையால் கோணல் மாணலாக எழுதினாள். பிறகு இருபத்தோரு பேரும் வரிசையாக.

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்னம்மா இது கூத்தா இருக்கு? புகார் குடுக்கறதும் நீங்க, புகார்ல மாட்டறதும் நீங்களா?"

"ஆமாங்க. எங்க தப்பை நாங்க ஒத்துக்கிட்டாதான் அவரு தப்பு வெளிய வரும். அந்தப் பதினேழு பேரு வந்து சேரட்டும், எங்களை என்ன வேணா பண்ணுங்க."

"அதிகாரி வெளியூர்ல. நாளைக்கு வாங்க. நாளைக்கும் வருவாரான்னு சொல்ல முடியாது."

"அப்ப வர்ற வரைக்கும் இருக்கோம்" என்றார் பைல்காரர். அவர் வாழ்க்கையில் மன்னிப்புக் கேட்காமல் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். படக்காரன் அவரைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான்.

வாசல் படிகளில் பெட்டிகளை வரிசையாக வைத்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். யாரோ தண்ணீர் வாங்கி வந்தார்கள். வேலை போயிற்று, நாளைக்குப் போலீஸே வரலாம், அண்ணன் எந்த ஊரில் எந்த வக்கீலைப் பார்க்கிறாரோ தெரியாது. துப்பியவளும் அட்டையைக் கிழித்த அப்பாவும் அங்கேயேதான் இருந்தார்கள், ஆனால் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் தெருக்கோடியில் இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று அக்கா மகள், பெட்டியை இழுத்துக்கொண்டு. இன்னொன்று, காலைச் சற்று இழுத்து நடக்கும் அக்கா. மகள் நேராக எழுத்தர் மேசைக்குப் போய் இருபத்திரண்டாவது கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து, நீச்சல்காரியை ஒட்டி உட்கார்ந்தாள். அக்கா மட்டும் படிக்குக் கீழே நின்று தங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கை தலையை நிமிர்த்தவில்லை.

"என்னடி அப்படியே உக்காந்திருக்கே?" என்றாள் அக்கா. "கொஞ்சம் தள்ளி உக்காரு. எனக்கும் இடம் வேணும்ல."