பிறந்த இடம்: ஸ்ரீரங்கம்

என் மனைவி விசாலாக்ஷி தினம் ஒரு தடவையாவது இங்கிலாந்து போய்விட்டு வருவாள். அதற்கு டிக்கெட் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து பால் கேனை எடுத்தால் போதும்.

"பார்ன்ஸ்லில பால்காரர் விடிகாலம்பற வாசல்ல கண்ணாடி பாட்டிலை வெச்சுட்டுப் போயிடுவார். வெள்ளித்தாள் மூடி. நாம கதவைத் திறக்கறதுக்குள்ள நீலத் தலைக் குருவி ஒண்ணு வந்து மூடியைக் கொத்தி, மேல மிதக்கற ஏட்டைக் குடிச்சுட்டுப் போயிடும். அம்மா அதைத் தமிழ்ல திட்டுவா. யார்க்‌ஷயர் குருவிக்குத் தமிழ் புரியுமா?"

இதை நான் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன் என்பதுகூடப் பொய். காதில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். சுகர் லேண்டிலிருந்து ஹூஸ்டனுக்கு ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் ஊர்ந்து போய், ஒரு எண்ணெய்க் கம்பெனியின் கம்ப்யூட்டர்களோடு நாள் முழுக்க மாரடித்துவிட்டு, மறுபடி ஊர்ந்து வருகிறவனுக்குக் குருவிக் கதை கேட்கத் தெம்பு ஏது? "போதும் விசாலம், உன் லண்டன் புராணம்" என்பேன். "லண்டன் இல்லை, பார்ன்ஸ்லி" என்று திருத்திவிட்டுக் காபி கலக்கப் போய்விடுவாள்.

அவள் அப்பா டாக்டர். மேல்படிப்புக்கென்று இங்கிலாந்து போனவர், பார்ன்ஸ்லி என்ற நிலக்கரி ஊரில் ஜூனியர் டாக்டராகவே பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, 1985-ல் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊரான ஸ்ரீரங்கத்துக்கே வந்து சேர்ந்தார். அப்போது விசாலத்துக்குப் பத்து வயது. அவளுடைய இங்கிலாந்துக்கும் அதே பத்து வயதுதான், அதற்கு மேல் வளரவில்லை.

வெந்நீர்த் தொட்டி வைத்த அலமாரிக்குள் அவள் அம்மா இட்லி மாவைப் புளிக்க வைப்பாளாம். மாவு பொங்கி, அங்கே மடித்து வைத்த துண்டுகளில் எல்லாம் வழிந்து, பள்ளிக்கூடத்தில் இவள்மேல் புளிப்பு வாசனை அடிக்குமாம். மத்தியானச் சாப்பாட்டில் ரோஸ் நிறத்தில் கஸ்டர்ட் ஊற்றுவார்களாம். கறி தின்னாத குழந்தை என்று சமையல்கார அம்மாள் பரிதாபப்பட்டு இவளுக்கு மட்டும் இரண்டு கரண்டி. வீட்டில் ஒரே ஒரு கேஸ் ஹீட்டர். ஜன்னலுக்கு உள்பக்கமே பனி உறைந்துவிடும் என்பதால் அப்பா, அம்மா, தம்பி, இவள், நாலு பேரும் அந்த ஒரு அறையில்தான் தூங்குவார்களாம். காலையில் ஜன்னல் பனியில் நகத்தால் பெயர் எழுதுவது இவள் வேலை.

இருக்கட்டும். எங்கள் கவலை வேறு. நாங்கள் இங்கே வந்தது 2008-ல், எங்கள் ஒரே பையன் ஷ்ரேயஸுக்கு நாலு வயது. 2011-ல் க்ரீன் கார்டுக்கு apply பண்ணினோம். அதற்கு வரிசை உண்டு. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை அனுமார் வால். பதினாலு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறோம். குடும்பத்தோடு நிற்கலாம், ஆனால் பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆனால் அவன் மட்டும் வரிசையிலிருந்து விழுந்துவிடுவான். பிறகு அவன் இந்த ஊருக்கு யாரோ. ஒவ்வொரு மாதமும் வரிசை எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பேன், அவன் உயரத்தையும் பார்ப்பேன். அவன்தான் வேகமாகப் போனான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை அவனுக்கு இருபத்தொன்று ஆயிற்று. ஆஸ்டினில் காலேஜில் இருக்கிறான். அன்று முதல் வெளிநாட்டு மாணவன் விசா. இந்த ஊர் ஆங்கிலம் தவிர வேறு ஆங்கிலம் தெரியாத பிள்ளை வெளிநாட்டு மாணவன்! எனக்கு ஆத்திரம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

இங்கே எல்லாரும் செய்வதுபோல நாங்களும் பிறந்தநாளைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபீஸ் நண்பர் பக்கீர் முகம்மதுவும் அவர் மனைவி ஷரீபாவும் வந்தார்கள். நாகூர்க்காரர். என்னோடு ஒரே வருஷத்தில் apply பண்ணி, இரண்டே வருஷத்தில் க்ரீன் கார்டு வாங்கியவர். அதிர்ஷ்டக்காரர் என்று உள்ளுக்குள் பொருமியிருக்கிறேனே தவிர, எப்படிக் கிடைத்தது என்று ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை.

ஷ்ரேயஸ் கேக் வெட்டினான். விசாலம் பாயசத்தில் பாலை ஊற்றினாள். போதாதா? பால்காரர் வந்தார், குருவி வந்தது. ஷரீபா சிரித்தாள். யாரோ கேட்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் விசாலம் மேலே போனாள்.

"நான் பொறந்த அன்னிக்கு அப்படி ஒரு பனியாம். அப்பா அதே ஆஸ்பத்திரில டூட்டியாம். குளிருக்கு ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டர் போட்டுண்டு அம்மாவைப் பார்க்க ஓடி வந்தாராம்."

பக்கீர் முகம்மது ஸ்பூனைக் கீழே வைத்தார். "எந்த ஊர் ஆஸ்பத்திரி, அக்கா?"

"பார்ன்ஸ்லிலதான்."

"நீங்க அங்கயா பொறந்தீங்க? வளர்ந்தது மட்டும்னு நெனச்சேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "சார், ஷரீபா பினாங்குல பொறந்தவ. அதனாலதான் எங்களுக்கு ரெண்டு வருஷத்துல வந்துச்சு. புருஷன் பொஞ்சாதில யாரு பொறந்த நாட்டு வரிசைல வேணா நிக்கலாம் சார். உங்க லாயர் சொல்லலியா?"

சொல்லவில்லை. ஏனென்றால் வக்கீலிடம் போன காகிதத்தில் விசாலம் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள்.

நடந்தது இவ்வளவுதான். ஊர் திரும்பியதும் பள்ளிக்கூட அட்மிஷன் பாரத்தில், பிறந்த இடம் என்ற கட்டத்தில் என் மாமனார் ஸ்ரீரங்கம் என்று எழுதினார். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் எழுதுவார்கள், மூதாதையர் ஊர்தானே நம் ஊர். பள்ளிச் சான்றிதழைப் பார்த்து பாஸ்போர்ட் வந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்து நான் எழுதினேன்.

ஆமாம், நான்தான். 2011-ல் இதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் பாரத்தையும் நானே நிரப்பினேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று, "ஏன்னா, நான் பார்ன்ஸ்லில பொறந்தவளாச்சே" என்றாள். "பாஸ்போர்ட்ல இருக்கறதைத்தான் போடணும். மாறினா கேள்வி கேட்டு லெட்டர் வரும். உன் புராணத்தை அப்புறம் வெச்சுக்கோ" என்றேன். என் குரல்கூட ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் இருந்திருக்கும். விருந்தாளிகள் முன்னால் அவள் அதைச் சொல்லவில்லை. பாயசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தாள், அடுப்பு அணைந்திருந்தது.

"புதன்கிழமைக்கு முன்னாடியே வந்து சாப்பிட்டிருக்கலாமே நான்" என்று பக்கீர் முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டார். பாவம், அவர் மனசு அப்படி. மூன்று நாளா தாமதம்? பதினாலு வருஷம்.

அவர்கள் போனபின் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை வக்கீலைக் கூப்பிட்டேன். இங்கிலாந்திலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவழைத்து, பழைய தப்புக்கு விளக்கமும் எழுதிக் கொடுத்தால் எங்கள் இருவருக்கும் வழி உண்டு என்றார். பையனுக்கு வயது தாண்டிவிட்டது, நம்பிக்கை தர மாட்டேன் என்றார். அப்புறம், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார். அந்த வருஷத்தில் அங்கே பிறந்த உங்கள் மனைவி அந்த நாட்டுப் பிரஜைதான். மகனும் அதைக் கோரலாம் போலிருக்கிறது, அங்கத்திய வக்கீலிடம் கேளுங்கள்.

கேட்டேன். ஷ்ரேயஸ் போகலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். அவனைத் துரத்துகிற நாட்டில் நாங்கள் நிரந்தரமாக இருக்கலாம். அவன் மட்டும் அவள் விட்டுவிட்டு வந்த நாட்டுக்குப் போகலாம்.

அதற்கப்புறம் விசாலம் பால் கேனைப் பேசாமல் எடுத்தாள், பேசாமல் வைத்தாள். வீடு நிசப்தமாகிவிட்டது. எத்தனை வருஷம் இந்த நிசப்தத்துக்கு ஏங்கியிருக்கிறேன்!

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சான்றிதழ் வந்திருந்தது, சிவப்பு எழுத்தில் அச்சடித்த நீளக் காகிதம். வக்கீல் அனுப்பிய பாரங்களைப் பிரித்து மேஜையில் வைத்தேன். இந்தத் தடவை பேனாவை அவளிடம் கொடுத்தேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பார்ன்ஸ்லி என்று எழுதினாள், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. பிறகு கையை நீட்டினாள்.

"ஷ்ரேயஸோடது?"

"ரெண்டு செட்தான் வந்திருக்கு" என்றேன்.

கையை மடக்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவனே ஃபோன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டேன். படிப்பு முடிந்ததும் இங்கிலாந்தில் வேலை தேடலாமா என்று யோசிக்கிறானாம். குரலில் உற்சாகமாகக் காட்டிக்கொண்டான். எங்களுக்காக.

"ஸோ அம்மா, வாட்ஸ் இட் லைக் ஓவர் தேர்?"

இருபத்தைந்து வருஷத்தில் எங்கள் வீட்டில் அவளை யாரும் கேட்காத கேள்வி. பால்காரரும் குருவியும் ரோஸ் கஸ்டர்டும் இப்போது வந்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"எனக்கு எப்படிடா கண்ணா தெரியும்? பத்து வயசுல வந்துட்டேன்."

"நோ, ஐ மீன், யூ ஆல்வேஸ் சே இட் வாஸ் நைஸ்."

"நன்னாத்தான் இருந்தது. பயங்கரமாக் குளிரும், ஆனா நன்னாத்தான் இருந்தது" என்றாள். பேனாவை மூடி வைத்தாள். "அங்க நாங்க நாலு பேரா இருந்தோம்டா."