தலைவியாக ஒரு கைதி வேண்டும்

ஒரு காலத்தில் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய எங்கள் தீவின் ஹோபார்ட் நகரில் இப்போது வம்சத்தில் ஒரு திருடியாவது இல்லாவிட்டால் மரியாதை கிடையாது. என் மனைவி ரோண்டாவுக்கு அந்த மரியாதை அவசரமாகத் தேவைப்பட்டது. பெண் கைதிகளின் வாரிசுகள் சங்கத்துக்கு அன்று தலைவி தேர்தல். மலையடிவாரத்தில், முன்பு பெண்கள் சிறையாக இருந்த இடத்தின் முற்றத்தில் கூட்டம்.

சங்கத்தின் விதி எளியது. காகித ஆதாரம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் குடும்பத்தின் மூத்தவர் முற்றத்தில் நின்று அந்தக் கைதியின் பெயரைச் சொன்னால் போதும். ஏனென்றால் எங்கள் தீவில் முந்தைய தலைமுறையினர் அப்படிப்பட்ட காகிதங்களை அடுப்பில் போட்டுவிட்டு, ‘நாங்கள் சொந்தக் காசில் கப்பலேறி வந்தவர்கள்’ என்று சொல்லித் திரிந்தார்கள். ஆகவே இன்று யாராவது அப்படிச் சொன்னால் கேட்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண் சிமிட்டுவார்கள். கைதி வம்சம் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை.

என் மாமியார் வில்மா ஆயுள் முழுக்க அதைத்தான் சொல்லிவந்தார். ரோண்டா தேர்தலில் நின்றதே அந்தத் தைரியத்தில்தான்.

காரை நிறுத்தியதும் ரோண்டா பின் இருக்கையில் இருந்த அம்மாவிடம் திரும்பினாள்.

“அம்மா, நம்ம முப்பாட்டி ஹன்னா ட்ரிலோர்னு பேரைச் சொல்லு. என்ன திருடினான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

“அவ எதுக்குடி திருடணும்? சம்பளம் வாங்கினா.”

“இன்னுமா மறைக்கிற?”

“என்னத்த மறைக்க? இங்க வந்த பொம்பளைங்களுக்கெல்லாம் மொட்டை போட்ட காவக்காரி அவ. அதோ மதிலுக்கு வெளிய கல்வீடு தெரியுதுல்ல, அதுலதான் குடியிருந்தா. கைதிக்கு வீடு குடுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை.”

ரோண்டா அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எதையும் மறைக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“திரும்பிப் போயிடலாமா?” என்றேன்.

“எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு,” என்றாள்.

உள்ளே எல்லாரும் கைதிகளைப் போல வெள்ளைத் துணித் தொப்பி அணிந்து, தேநீரும் ஸ்கோன் ரொட்டியுமாக நின்றார்கள்.

“எங்க ஆளு திருடினது ரெண்டு வெள்ளிக் கரண்டி.”

“எங்களுது ஆடு. முழு ஆடு.”

எதிர்த்து நின்ற கோரலிக்கு இதெல்லாம் தூசு. அவளுடைய முப்பாட்டி சிறைப் பாதிரியார் தலையில் கஞ்சியைக் கவிழ்த்து இருட்டறைக்குப் போனவள். ஜெயிப்பது கோரலிதான் என்று ஸ்கோன் தின்னும்போதே முடிவாகியிருந்தது.

மாமியாரை அழைத்தார்கள். ரோண்டா அவர் முழங்கையைப் பிடித்தாள். “பேரை மட்டும் சொல்லிட்டு உக்காந்துடும்மா.”

மாமியார் பேரைச் சொன்னார், உட்காரவில்லை. “ஹன்னா சொந்தக் காசுல வந்தவ. இங்க காவக்காரி. எங்க வம்சத்துல ஒருத்தரும் ஜெயிலுக்குப் போனதில்ல,” என்றார்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

“பாவம்,” என்றாள் கோரலி. “இந்த வயசுலயும் வெட்கம் போகல.”

“எனக்கென்னம்மா வெட்கம்? உங்க ஆளு தலைய வழிச்சதே எங்க ஹன்னாவாத்தான் இருக்கும்.”

கோரலி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். “நீங்க பேசல அத்தை. உங்க வலி பேசுது.”

“விடும்மா, மூச்சு முட்டுது.”

பின்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. “இந்தப் பதறு பதறுறாங்கன்னா இது கரண்டித் திருட்டு இல்லப்பா. கொலையா இருக்கும்.”

எல்லாரும் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். கொலைகாரியின் வம்சம் சங்கத்தில் அதுவரை ஒன்றுகூட இல்லை. கோரலியே மரியாதையாக ஓரடி பின்வாங்கினாள்.

பதவி விலகும் தலைவி ரோண்டாவைப் பார்த்தார். “நீங்க ஏதாவது சொல்லணுமா?”

நான் அவளைப் பார்த்தேன். மறுக்க அவளுக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவள் தரையைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள், பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

“அம்மாவ வற்புறுத்தாதீங்க,” என்றாள் தழுதழுத்து. “அவங்களால இதைப் பேச முடியாது.”

ரோண்டாவுக்காகக் கைகள் உயர்ந்தன. கோரலியின் கையும். ஹன்னாவின் பெயரைக் கைதிகளின் பெயர்ச் சுவரில் பொறிக்க வேண்டும் என்று அங்கேயே தீர்மானமும் ஆனது.

மாமியாருக்கு அப்போதுதான் உறைத்தது. “அடியே, கைதிங்களோட அவ ஒரு பெஞ்சுலகூட உக்காந்ததில்லடி.”

“இனிமே உக்காரட்டும்மா,” என்று சொல்லிவிட்டு, தொப்பியின் நாடாவை இறுக்கிக்கொண்டு, ரோண்டா தலைவியின் நாற்காலியை நோக்கி நடந்தாள்.