மணியாச்சியிலிருந்து ஓர் அபிப்பிராயம்

காளீஸ்வரிக்கு அந்தப் பத்திரிகை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வாரத்தில் வரும். பம்பாயில் அச்சாகிற ஆங்கில மாத இதழ். ராக், மெட்டல் இசைக்கென்றே நடத்தப்படுவது. வீட்டுக்கு வரவழைத்தால் அட்டையில் இருக்கிற சடைமுடிக்காரர்களைப் பார்த்து அம்மா முத்துமாரியம்மாள் பயந்துவிடுவாள். அதனால் கோவில்பட்டியில் தான் டைப்பிஸ்டாக வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸின் முகவரியைக் கொடுத்திருந்தாள். முதலாளி சாமித்துரை அண்ணாச்சி மற்ற தபால்களைப் பிரித்துவிட்டு அதை மட்டும் பிரிக்காமல் அவள் மேசையில் வைப்பார். குவாலியருக்கும் கட்டாக்குக்கும் போகிற கடிதங்களைப் பிழையில்லாமல் அடிக்கிற பெண்ணுக்கு இங்கிலீஷ் புத்தகம் வருவது நியாயம்தான் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்தப் பழக்கம் அண்ணன் மணிகண்டபிரபுவால் வந்தது. பெங்களூரில் பாலிடெக்னிக் படித்தபோது சேர்த்த இருபத்து மூன்று கேசட்டுகளையும் ஒரு வாக்மேனையும் வீட்டில் போட்டுவிட்டு அவன் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். பொழுது போகாத ஒரு கோடையில் அவள் அவற்றில் ஒன்றை எடுத்துப் போட்டாள். மூன்று நாள் தலைவலிதான் மிச்சம். நான்காவது நாள், அத்தனை இரைச்சலுக்கும் அடியில் ஒரு கிட்டார் தன்பாட்டுக்கு எங்கோ நடந்து போவது கேட்டது. அதன் பின்னாலேயே போனாள். ஸ்டோன் மெரிடியன் என்ற இங்கிலாந்துக் குழு அது. அவள் வீட்டில் யாரும் சத்தம் போடுவதில்லை. கோபம் வந்தால் அம்மா பேசுவதை நிறுத்துவாள். அப்பா ராமசுப்பு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். காதில் அந்தப் பாட்டுக்காரன் தொண்டை கிழியக் கத்தும்போது, தனக்கும் சேர்த்து ஒருவன் கத்துகிறான் என்று அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

இதையெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இல்லை. அண்ணன் போன் பண்ணியபோது ஒரு தடவை பேச்செடுத்தாள். அவன் சிரித்தான், அதெல்லாம் படிக்கிற காலத்துக் கிறுக்கு, இன்னுமா கேட்கிறாய், தூக்கிப் போடு என்றான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

1997-ல் ஸ்டோன் மெரிடியன் நான்கு வருடம் கழித்து ஒரு புது ஆல்பம் போட்டது. ‘சால்ட் இயர்ஸ்’ என்று பெயர். காளீஸ்வரி மதுரையில் ஒரு கேசட் கடைக்கு எழுதிப் போட்டாள். வந்ததும் தெரிவிக்கிறோம் என்று பதில் வந்ததே தவிர, கேசட் வரவில்லை. ஆவணி மாத இதழில் வாசகர் அபிப்பிராயங்கள் இரண்டு பக்கம் வந்திருந்தன. புனேக்காரர் ஒருவர் தன் அறையிலிருந்த அந்தக் குழுவின் படத்தைக் கிழித்துவிட்டதாக எழுதியிருந்தார். முடியை வெட்டிய அன்றே இவர்கள் செத்துவிட்டார்கள் என்றார் குவாஹாத்திக்காரர். பாட்டுக்காரன் நல்ல தொண்டை டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று கொச்சியிலிருந்து ஒரு யோசனை. காளீஸ்வரி இன்னும் ஒரு பாட்டைக்கூடக் கேட்காமல், அத்தனை பேரும் திட்டுகிற அந்த ஆல்பத்துக்காக ஏங்கிக்கொண்டு வாசித்தாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கடிதம்:

‘இவர்கள் மென்மையாகிவிட்டார்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். மென்மையாகவில்லை, களைத்திருக்கிறார்கள். இருபது வருடம் கத்தியவன் களைத்துப்போவது குற்றமில்லை. நான்காவது பாட்டைச் சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். - எஸ். கடற்கரை, மணியாச்சி.’

அவள் ஊர்ப் பெயரைத் திரும்பவும் வாசித்தாள். மணியாச்சி. பாசஞ்சர் வண்டியில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கடற்கரை என்று பெயர் வைக்கிறவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில்தான் இருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து, பெட்டி ஒட்டுகிற பெண்கள் எல்லாம் வேப்பமர நிழலுக்குப் போய் உட்கார்ந்த பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே எழுதினாள். தெருப் பெயர் தெரியாமல் ‘எஸ். கடற்கரை, மணியாச்சி’ என்று மட்டும் போட்டாள். நீங்கள் நிஜமாகவே மணியாச்சியா, அந்த ஆல்பம் உங்களிடம் நிஜமாகவே இருக்கிறதா என்று இங்கிலீஷில் இரண்டு கேள்வி. எட்டாம் நாள் ஆபீஸுக்குப் பதில் வந்தது. தமிழில் இருந்தது.

அவர் மணியாச்சி ஜங்ஷனில் அசிஸ்டன்ட் ஸ்டேஷன் மாஸ்டர். முன்பு அரக்கோணத்தில் வேலை பார்த்தபோது, உடன் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் இந்த இசையைப் பழக்கிவிட்டார். அவர்தான் இப்போதும் புதுக் கேசட்டுகளை அனுப்பிவைக்கிறார். கோவில்பட்டி ஸ்டேஷனில் பூவனலிங்கம் என்ற பாயின்ட்ஸ்மேனிடம் கேசட்டைக் கொடுத்தனுப்புகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள், அவசரமில்லை, நிதானமாகக் கேட்டுவிட்டு உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள் என்று முடித்திருந்தார்.

பழைய ரயில்வே டைம்டேபிள் தாளில் சுற்றிய கேசட்டை வாங்கிக்கொண்டு வந்து அவள் அந்த வாரம் முழுக்கக் கேட்டாள். ஏமாற்றமாக இருந்தது. முதல் பக்கத்தில் இரண்டு பாட்டுதான் தேறியது. அந்த நான்காவது பாட்டில் முதல் இரண்டு நிமிடம் கிட்டாரே இல்லை. ஒரு பியானோவும் அந்த ஆளும்தான். தனக்காகக் கத்தியவன் தன்னை நடுவழியில் இறக்கிவிட்டுப் போனதுபோல அவளுக்கு அழுகை வந்தது. அதை அப்படியே எழுதினாள். களைத்துப்போனவர் வீட்டில் இருக்கவேண்டியதுதானே, எதற்காகப் பாட்டுப் போடுகிறார் என்று கேட்டாள். நான்கு பக்கம் வந்தது. யாரிடமும் அவள் அத்தனை கோபமாகப் பேசியதில்லை. தபாலில் சேர்த்த பிறகு பயமாக இருந்தது.

ஐந்து பக்கத்தில் பதில் வந்தது. நீங்கள் வாக்மேனில் கேட்கிறீர்கள், அதுதான் தப்பு என்று ஆரம்பித்து, ஒவ்வொரு பாட்டாக எடுத்து அவள் சொன்னதை மறுத்திருந்தார். ஆறாவது பாட்டைப் பற்றி மட்டும் அவள் சொன்னது சரி, தான் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரியை அவள் எத்தனை தடவை வாசித்தாள் என்று கணக்கில்லை.

புரட்டாசி முழுக்க இப்படிப் போனது. கேசட்டைத் திருப்பிக் கேட்டு அவர் எழுதவில்லை, அவளும் அனுப்பவில்லை. டிரம்ஸ் பற்றி ஒரு கடிதம், வரிகளின் அர்த்தம் பற்றி ஒரு கடிதம், பழைய ஆல்பங்களில் எது உசத்தி என்று மூன்று கடிதம். அவர் வயது என்ன, வீட்டில் யார் யார் என்று அவரும் எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காததால் அவள் தானாக ஒருவரை உண்டாக்கி வைத்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒல்லியாக இருப்பார். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். ரயில் இல்லாத நேரத்தில் பிளாட்பாரத்து முனையில் நின்று கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆபீஸ் முகவரிக்கு வந்தாலும் சங்கதி வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, மணியாச்சியில இருந்து யாரு ஒனக்கு லெட்டர் போடுதது?”

“பாட்டு விசயமா எழுதுதாவம்மா.”

“பாட்டுல எழுத என்னட்டி இருக்கு?”

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அந்த வாரமே தூத்துக்குடியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையன் ஜெயகிருஷ்ணன், துறைமுகத்தில் கிளார்க். பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று அப்பா சொன்னார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று காளீஸ்வரி கிளம்பினாள். கடம்பூரில் இருக்கிற ஆபீஸ் சிநேகிதி மாரிசெல்வி வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னாள். முதல் மழை பெய்து ஈரம் காயாத கரிசலில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. வண்டி கடம்பூரைத் தாண்டியது. போய் என்ன சொல்வது என்று யோசித்தாள். ‘ஜாதகம் வந்திருக்கிறது’ என்று சொல்லவேண்டும் என்று இருந்தது. எதற்காக அதை அவரிடம் சொல்லவேண்டும் என்றும் இருந்தது.

மணியாச்சியில் இறங்கி ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் விசாரித்தாள். இன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள், பின்னால் குவார்ட்டர்ஸ், மூன்றாவது வீடு என்றார்கள். கதவைத் திறந்தது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். உள்ளேயிருந்து வந்தவர் அவள் நினைத்ததுபோல் ஒல்லியாகத்தான் இருந்தார். முப்பத்தைந்து இருக்கும். நெற்றியில் முடி ஏறியிருந்தது. அவள் தன் பெயரைச் சொன்னாள்.

அவர் மனைவிதான் முதலில் பேசினாள். அழகுத்தாய் என்று பெயர்.

“உள்ள வாங்க. அந்த லெட்டர் எழுதுதது நீங்கதானா? இவிய எனக்கு வாசிச்சுக் காட்டுவாவ. எனக்கு ஒண்ணும் வெளங்காது. ஆனா நீங்க திட்டுததக் கேக்க நல்லா இருக்கும்.”

காளீஸ்வரி சிரித்தாள். தன் முகம் எப்படிச் சிரித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அழகுத்தாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், கடுங்காப்பி கொண்டுவந்தாள். வாக்மேனில் கேட்டது தப்பு என்று எழுதினீர்களே என்று காளீஸ்வரி சொன்னதும் கடற்கரை ஆர்வமாக எழுந்து, அலமாரி மேலிருந்த பெரிய டேப்ரெக்கார்டரை இறக்கினார். அழகுத்தாய் பிள்ளைக்கு இந்தச் சத்தம் ஆகாது என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். போகும்போது கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

நான்காவது பாட்டு ஓடியது. பியானோ தொடங்கி அரை நிமிடத்தில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, பெட்டிகள் எல்லாம் கடந்து முடிகிறவரை இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு முதலிலிருந்து போட்டார். அந்த அறையில், ஜன்னல் வழியாக வந்த ஈரக்காற்றில் அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. அந்த ஆள் கத்துவதற்கு முயற்சி செய்து, முடியாமல், மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறான் என்று அவளுக்கு முதல் தடவையாகப் பட்டது.

முடிந்ததும் அவர் அவளைப் பார்த்தார்.

“இப்ப என்ன சொல்லுதீங்க?”

“இப்பவும் மொத ரெண்டு நிமிசம் நீளந்தான்” என்றாள். “ஆனா எதுக்கு நீளம்னு தெரியுது.”

அவர் பள்ளிக்கூடத்துப் பையன்போலச் சந்தோஷப்பட்டார். ஒரு மணி நேரம் பேசினார்கள். எழுதியதைவிட வேகமாக, ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டு பேசினார்கள். புனேக்காரரைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்தபோது அவர் தணிந்த குரலில் சொன்னார்.

“இதப் பத்திப் பேச எனக்கு ஆறு வருசமா ஆள் கெடயாது.”

“எனக்கு எப்பவுமே கெடயாது” என்றாள் அவள்.

அதற்கு மேல் எதையும் சொல்கிற இடத்தில் அவர்கள் இல்லை. கேசட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம், மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன் என்று மேசையில் வைத்தாள். அழகுத்தாய் ஸ்டேஷன் வரை கூட வந்து, முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்து, கல்யாணத்துக்குச் சொல்லுங்கள் என்றாள். கல்யாணம் என்று தான் எதுவும் சொல்லவில்லையே என்று காளீஸ்வரி நினைத்தாள். வண்டி கிளம்பியபோது குழந்தையின் கையைப் பிடித்து அழகுத்தாய் ஆட்டிக் காட்டினாள். அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் கடிதங்கள் வந்தன. சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியையும் அந்த வீட்டில் அவர் சத்தமாக வாசிப்பது அவளுக்குக் கேட்டது. வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அவரும் அப்படித்தான் எழுதினார். ஐந்து பக்கம் இரண்டாகி, கார்த்திகையில் ஒரு கார்டாகியது. தனக்குக் கரூருக்கு மாற்றலாகிவிட்டது, புது முகவரி பிறகு எழுதுகிறேன் என்று அந்தக் கார்டில் இருந்தது. முகவரி வரவில்லை. அவர் எழுதினாரா, தபாலில் தவறியதா, எழுதவேண்டாம் என்று விட்டுவிட்டாரா என்று அவளுக்குத் தெரியாது. கரூர் ஸ்டேஷன் முகவரிக்குப் போட்டால் போய்ச் சேரும் என்பது தெரியும். அவள் போடவில்லை.

தை மாதம் அவளுக்கும் ஜெயகிருஷ்ணனுக்கும் கல்யாணம் ஆகித் தூத்துக்குடிக்குப் போனாள். நல்ல மனிதர். முதல் தடவை அவள் பாட்டைக் கேட்டுவிட்டு டேப்பில் ஹெட் தேய்ந்துவிட்டதென்று நினைத்து ரிப்பேருக்குக் கொண்டுபோனார். பாட்டே அப்படித்தான் என்று தெரிந்த பிறகு, ஒரு நாளும் அதை நிறுத்தச் சொன்னதில்லை. 2001-ல் ஸ்டோன் மெரிடியனின் அடுத்த ஆல்பம் வந்தபோது, அவள் கேட்காமலே, கப்பல்காரர் ஒருவரிடம் சொல்லி சி.டி. வாங்கிவந்தார்.

அன்று சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். அவன் என்ன பாடுகிறான் என்று ஜெயகிருஷ்ணன் கேட்க, அவள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“நல்லா இல்ல” என்றாள் அவள். “பழசத் திருப்பிப் போட்டு ஏமாத்துதான். டிரம்ஸ் மட்டுந்தான் புதுசு.”

அவர் தலையாட்டினார்.

“அப்படியா? நீ சொன்னா சரிதான்.”

அடுத்த பாட்டு தொடங்கியது. அவர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காற்றில் அடித்துக்கொண்ட ஜன்னலைச் சாத்த எழுந்து போனார். காளீஸ்வரி சி.டி. உறையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இல்லை, நீ கேட்டது தப்பு என்று யாராவது ஐந்து பக்கத்துக்குச் சொன்னால் தேவலை என்று இருந்தது.